பெயர் மறைந்த நறுமணம்

சென்னைக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்த பூவிருந்தவல்லி, தன் பெயரிலேயே பூவைச் சூடிய ஊராகும். மக்கள் நாவில் அது பூந்தமல்லி என்றும், ஆங்கிலேயர் ஏடுகளில் பூனமல்லி என்றும் திரிந்தது. எனினும் பெயரிலிருந்த பூ உதிரவில்லை. அவ்வூரினரான திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்துக் காஞ்சிபுரத்திற்கு மாலை கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு கூறும் செய்தி. பின்னர் 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சி இப்பக்கம் பரவியபோது அங்கே பள்ளிவாசலும் எழுந்தது. பூவின் மணமும் பாங்கோசையும் ஒரே காற்றில் கலந்த மண் அது.

இன்று பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி வரையிலும், ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரையிலும் நெருக்கமான வீடுகள் நிறைந்துள்ளன. அவ்வீடுகளில் மணம் குறைந்துவிடவில்லை. முன்னைவிடக் கூடியே இருக்கிறது. ஆனால் அது பூவிலிருந்தும் கட்டையிலிருந்தும் வரவில்லை. கையால் அழுத்தினால் சீறும் டப்பாவிலிருந்தும், மின் செருகியில் பொருத்திய குப்பியிலிருந்தும், கழிவறையில் தொங்கும் கட்டியிலிருந்தும் வருகிறது. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? அதனால் நம் நெஞ்சுக்கூட்டிற்கு என்ன நேர்கிறது? வரலாற்றின் வழி நின்று இவற்றை ஆராய்வது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

மணம் அறிந்த சமுதாயம்

நறுமணத்தோடு நமக்குள்ள உறவு தொட்டிலில் தொடங்கிக் கப்ரு வரை தொடர்வது. தலைக்குக் குளிப்பாட்டிய குழந்தையின் கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டுகிறோம். நிக்காஹ் மஜ்லிசில் சந்தனமும் பன்னீரும் வழங்குகிறோம். பெருநாள் தொழுகைக்குப் புறப்படுகையில் அத்தர் பூசுகிறோம். இறுதியாக, ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரில் கற்பூரம் சேர்க்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தைப் பெரிதும் விரும்பினார்கள் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர்.

இந்த விருப்பத்தை ஒரு கலையாகவும் அறிவியலாகவும் வளர்த்தவர்கள் அரபு நாட்டு அறிஞர்கள். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, நறுமணப் பொருள்கள் பற்றியும் வாலை வடித்தல் பற்றியும் ஒரு தனி நூலே இயற்றினார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. எந்தப் பொருளை எந்த அளவு எடுக்க வேண்டும், எவ்வாறு சூடேற்ற வேண்டும் என்றெல்லாம் அவர் எழுதி வைத்தார். விலையுயர்ந்த கஸ்தூரிக்கும் கற்பூரத்திற்கும் ஈடாகப் போலிச் சரக்கு செய்யும் முறைகளும் அந்நூலில் உண்டு. ஆகவே, செயற்கை மணம் என்பது நம் காலத்தின் புதுமையன்று. ஆனால் அல்-கிந்தி எதையும் மறைக்கவில்லை. உண்மைப் பொருளாயினும் ஈடு செய்யும் பொருளாயினும் அதன் பெயரைச் சொல்லியே எழுதினார். இதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். நம் கட்டுரையின் உயிர்நாடி இதுவே.

சாம்பிராணியின் பெயரிலும் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது. சுமத்ராத் தீவின் மரங்களில் கசியும் இப்பிசினை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் குங்கிலியம், என்று அழைத்தனர். ஐரோப்பியர் நாவில் அச்சொல் சிதைந்து 'பென்சாயின்' ஆயிற்று. அப்பிசினிலிருந்து கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம் எனப்பட்டது. ஜெர்மானிய வேதியியலார் மிட்ஷர்லிக் 1830-களில் அவ்வமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து வடித்தபோது கிடைத்த திரவத்திற்கும் அதே வழியில் பெயர் சூட்டினார். அதுவே இன்று பென்சீன் எனப்படுகிறது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்ட அந்த இரசாயனத்தின் பெயரில் நம் சாம்பிராணியின் பெயர் ஒளிந்திருப்பது வியப்பன்றோ!

ஆய்வுக்கூடத்தில் பிறந்த கஸ்தூரி

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணத்தின் வரலாறு புதுப் பாதையில் திரும்பியது. 1868-இல் வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கிலேயர், உலர்ந்த புல்லின் இனிய மணத்தைத் தரும் கூமரின் என்ற பொருளைச் செயற்கையாகச் செய்து காட்டினார். 1874-இல் ஜெர்மனியில் வெனிலா மணத்தைச் செயற்கையாக ஆக்கினர். 1888-இல் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. ஆல்பர்ட் பௌர் என்பவர் வெடிமருந்து ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, கஸ்தூரியை ஒத்த மணமுடைய ஒரு பொருள் தற்செயலாகக் கிடைத்தது. மான் வயிற்றில் விளைந்த கஸ்தூரிக்குப் பதிலாக வெடிமருந்தின் உறவுப் பொருள் ஒன்று சந்தைக்கு வந்தது.

அதைத் தொடர்ந்து அதே இனத்தில் பல செயற்கைக் கஸ்தூரிகள் வந்தன. அவற்றுள் ஒன்றான மஸ்க் ஆம்ப்ரெட், பல ஆண்டுகள் உலகெங்கும் வாசனைப் பொருள்களில் கலக்கப்பட்டு வந்தது. பின்னர் அது எலிகளின் நரம்பைச் சிதைப்பதும், அதைப் பூசியவர் தோலில் வெயில் பட்டால் புண்ணாவதும் கண்டறியப்பட்டன. ஐரோப்பிய நாடுகள் 1995-இல் ஒப்பனைப் பொருள்களில் அதைத் தடை செய்தன. பல்லாண்டுகள் பூசிய பிறகே அது தீங்கென்று தெரிந்தது என்பதுதான் இதில் நாம் பெறும் பாடம்.

நம் நாட்டு அத்தரும் மாறியது. கன்னோசி நகரத்து வாலைகளில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதே பழைய முறை. சந்தனத்தின் விலை ஏறியபோது, மலிவான அத்தர்களில் திரவப் பாரபினும் தாலேட் என்னும் இரசாயன எண்ணெய்களும் அந்த இடத்தைப் பிடித்தன. ஊதுபத்தியில் மண எண்ணெயை நீர்க்கச் செய்வதற்கும் தாலேட்டுகள் பயன்பட்டன. பிளாஸ்டிக்கை மென்மையாக்கவும் இதே இனப் பொருள்களே உதவுகின்றன. இவற்றுள் சில, உடலின் சுரப்பிநீர்களின் சமநிலையைக் குலைப்பவை.

முற்றம் மறைந்த வீடு

மணம் மாறிய அதே காலத்தில் நம் வீடும் மாறிற்று. அதற்கு மேற்குப் புறநகரின் வரலாறே சான்றாகும். 1950-களில் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழில் வேரூன்றியது. 1960-களில் அங்கே சிறுதொழிற்பேட்டை அமைந்தது. அதே பத்தாண்டுகளில் ஆவடியில் இராணுவ டாங்கிகள் செய்யும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. வேலை தேடி வந்தோர் பெருகப் பெருக, வயலும் தோப்பும் மனைகளாயின. மனைகள் பின்னர் அடுக்குமாடிகளாயின.

முற்றம் வைத்த பழைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணித் தட்டை ஏந்தி அறை அறையாகச் சென்றால், புகை சற்று நேரம் தவழ்ந்து வானத்தை நோக்கிப் போய்விடும். இரு படுக்கையறை கொண்ட மாடி வீட்டில் அப்புகை எங்கே போகும்? கொசுவுக்கு அஞ்சிச் சன்னலை மூடுகிறோம். குளிர்சாதனப் பெட்டிக்காகக் கதவை மூடுகிறோம். கழிவறையின் சிறு துளையையும் அட்டை வைத்து அடைக்கிறோம். மூடிய அறையில் நாற்றம் தேங்குகிறது. அதைப் போக்க மணம் தெளிக்கிறோம். காற்று போவதற்கு வழி விடாமல் அதன்மீது வாசனையைப் போர்த்துகிறோம்.

கொசுவைச் சொன்னோம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி என நீர்நிலைகள் சூழ்ந்த பகுதி இது. அவற்றில் கழிவுநீர் கலந்த இடங்களிலெல்லாம் கொசுவர்த்திச் சுருள் அன்றாடத் தேவையாயிற்று. சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு நிகரானது என்று கணக்கிட்டது. நாம் வீட்டிற்குள் பீடி பிடிக்க விடமாட்டோம். குழந்தையின் கட்டிலடியில் இரவு முழுதும் சுருளை எரிய விடுகிறோம்.

தொழிற்சாலைப் புகையைக் குறை கூற நமக்கு உரிமையுண்டு. கூறவும் வேண்டும். ஆனால் நாளின் பெரும்பகுதியை நாம் கழிப்பது வீட்டிற்குள்தான். அங்கே புகையையும் ஆவியையும் உண்டாக்குபவர் நாமே.

ஒரு சொல்லுக்குள் நூறு பொருள்

கடையில் வாங்கும் அறை மணத் தெளிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். மல்லிகை, ரோஜா, எலுமிச்சை எனப் படம் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்ற இடத்தில் பெரும்பாலும் 'வாசனை' என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்தான் இருக்கும். அல்-கிந்தி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எடையோடு எழுதி வைத்ததை, இன்றைய உற்பத்தியாளர் தொழில் இரகசியம் என்று கூறி மறைக்கிறார்.

அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை ஆன் ஸ்டைன்மன் வாசனையூட்டிய 25 நுகர்பொருள்களைச் சோதித்தார். 2011-இல் வெளியான அவரது முடிவின்படி, அவற்றிலிருந்து 133 வகை ஆவிப்பொருள்கள் வெளிப்பட்டன. அவற்றுள் 24 பொருள்கள் அமெரிக்கச் சட்டங்களில் ஏதேனும் ஒன்றின்படி நச்சுடையவை அல்லது அபாயமானவை. அந்த 133-இல் மேலுறையில் பெயர் குறிக்கப்பட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்! இயற்கையானது என்று விளம்பரம் செய்யப்பட்டவையும் இதில் வேறுபடவில்லை. 2007-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பொன்று 14 அறை மணப்பொருள்களைச் சோதித்தபோது, 12-இல் தாலேட்டுகள் இருந்தன.

பெயர் தெரிந்த பொருளும் அறைக்குள் வந்தபின் வேறாக மாறுவதுண்டு. எலுமிச்சை, தேவதாரு மணங்களைத் தரும் லிமோனின், பைனீன் ஆகியவை தம்மளவில் பெருந்தீங்கு உடையவை அல்ல. ஆனால் வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து நகரக் காற்றில் ஓசோன் என்னும் வாயு உருவாகிறது. அது வீட்டிற்குள் புகுந்து இம்மணப் பொருள்களோடு கூடும்போது பார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் பிறக்கின்றன. பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில் எலுமிச்சை மணம் தெளிக்கும்போது, தெளித்த பொருளோடு அதில் விளையும் பொருளையும் சேர்த்தே சுவாசிக்கிறோம்.

இதன் விளைவு மூச்சில் தெரிகிறது. ஐரோப்பாவின் 10 நாடுகளில் ஆஸ்துமா இல்லாத 3,503 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. வாரம் ஒரு முறையேனும் வீட்டுத் தெளிப்பான்களைப் பயன்படுத்தியோரிடம் ஆஸ்துமா அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மிகுந்திருந்தன. சன்னல் துடைக்கும் தெளிப்பு, மரச்சாமான் தெளிப்பு ஆகியவற்றோடு அறை மணத் தெளிப்பும் அதில் முக்கிய இடம் பெற்றது.

கழிவறையில் தொங்கும் வெள்ளைக் கட்டிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது பாரா டைக்ளோரோ பென்சீன். அமெரிக்காவில் 953 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய அனைவரிடமும் இப்பொருள் காணப்பட்டது. மிகுதியாக இருந்தோரின் நுரையீரல் வலிமை, குறைவாக இருந்தோரைவிட 4 சதவீதம் குறைந்திருந்தது. நலமுடன் இருப்பவருக்கு இது சிறு இழப்பு. மூச்சுத் திணறும் முதியவருக்கோ இதுவும் பெரிதே.

பீரோவில் இடும் பாச்சை உருண்டையின் கதை இன்னும் கவலைக்குரியது. நாப்தலின் ஆவி, ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் மஞ்சள் காமாலை முற்றி மூளையும் கெடலாம். இக்குறை நம் நாட்டில் அரியதன்று. குழந்தைக்கு அக்குறை இருப்பது பெற்றோருக்குத் தெரியாமலே போகவும் கூடும். மூத்த பிள்ளையின் துணிகளை உருண்டையிட்டுப் பாதுகாத்து, இளைய பிள்ளைக்கு அப்படியே உடுத்துவது நம் வீடுகளில் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாப்தலின் உருண்டைகளைச் சந்தையிலிருந்து நீக்கியது. நாமோ இன்னும் அவற்றைப் பிறந்த குழந்தையின் துணிக்கிடையே வைக்கிறோம்.

நம் சாம்பிராணியும் விதிவிலக்கன்று

'இவையெல்லாம் மேனாட்டு இரசாயனங்களின் குற்றம், நம் சாம்பிராணியும் ஊதும் இயற்கையானவை' என்று கூறுவோர் உண்டு. நம் மனமும் அதைத்தான் கேட்க விரும்பும். ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. எதனை எரித்தாலும் புகை புகையே. சாம்பிராணிப் புகையிலும் ஊதுபத்திப் புகையிலும் நாம் முன்னர்க் கண்ட பென்சீனே கலந்துள்ளது. இப்போது பரவியுள்ள கப் சாம்பிராணியில் கரித்தூளும் மரத்தூளும் சேர்ந்து எரிகின்றன. மூடிய அறையில் அது கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சையும் தேக்கும்.

ஐக்கிய அரபு நாடுகளின் வீடுகளில் புகைக்கும் ஊது, பகூர் ஆகியவற்றை அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். 2013-இல் வெளியான அம்முடிவின்படி, அப்புகையில் பார்மால்டிஹைடும் கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் இருந்தன. நுரையீரல் அணுக்கள் அதில் அழற்சியுற்றன. ஓமன் நாட்டுக் குழந்தைகளிடம் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வோ நடுநிலையான செய்தி தருகிறது. பகூர் புகைக்கும் வீடுகளில் ஆஸ்துமா நோயாளிகள் மிகுதி என்று அதில் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அப்புகை திணறலைத் தூண்டியது.

சிங்கப்பூரில் 61,320 சீனர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. நெடுங்காலம் வீட்டில் ஊதுபத்தி ஏற்றி வந்தோருக்கு மூக்கு, தொண்டை முதலிய மேல் மூச்சுப் பாதைகளில் ஒருவகைப் புற்றுநோய் மிகுந்திருந்தது. நுரையீரல் புற்றுநோய் பொதுவாக மிகுந்ததாகத் தெரியவில்லை. அச்சமூட்டுவது நம் நோக்கமன்று என்பதற்காகவே இரண்டையும் கூறுகிறோம்.

இத்துறையில் உலகம் மதிக்கும் ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்து வருகிறது. பூவிருந்தவல்லிக்கு அருகே போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில், பேராசிரியை கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழுவினர் தமிழகத்துச் சமையலறைப் புகையைப் பல்லாண்டுகளாக அளந்து வருகின்றனர். 1,285 கர்ப்பிணிகளைக் கவனித்து 2018-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, தாய் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் கூடக் கூடக் குழந்தையின் பிறப்பு எடை குறைகிறது. அவர்கள் அளந்தது எல்லா வகையான நுண்துகளையும் சேர்த்துத்தான். ஆனால் விறகின் துகள், ஊதுபத்தியின் துகள் என்று கருப்பையிலுள்ள சிசு பிரித்தறியுமா? தாயின் மூச்சே அதன் மூச்சு.

தூய்மைக்குப் பின்னரே நறுமணம்

அப்படியானால் நறுமணத்தையே துறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நம் மார்க்கம் நமக்குக் கற்பித்த வரிசையை மீண்டும் நினைத்தால் போதும். ஜும்ஆ நாளைப் பற்றிய நபிமொழியில் முதலில் குளிப்பும் தூய்மையும் வருகின்றன. அதன் பின்னரே எண்ணெயும் நறுமணமும் வருகின்றன. மணம் தூய்மையின் மகுடம். அது அழுக்கை மூடும் திரையன்று. இன்றைய அறைத் தெளிப்பு இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. கழுவாமலே மணக்கச் செய்வதுதான் அது தரும் வாக்குறுதி.

மற்றொரு நெறியும் நம்மிடம் உண்டு. பச்சை வெங்காயமும் பூண்டும் உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபிகளார் (ஸல்) தடுத்தார்கள். ஹலாலான உணவே ஆயினும், பிறருக்கு அதன் வாடை துன்பம் தரும் என்பதே காரணம். அண்டை மனிதரின் மூச்சுக்கு இவ்வளவு மதிப்பளித்த நெறி, குளிரூட்டப்பட்ட தொழுகைக் கூடத்தில் ஆஸ்துமாக்காரர் அருகே மணத் தெளிப்பைச் சீறவிடுவதை எவ்வாறு ஏற்கும்? பள்ளிவாசல் நிர்வாகிகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. நாற்றம் வந்தால் முதலில் அதன் காரணத்தைத் தேடுவோம். அடைத்த சாக்கடை, ஈரச் சுவர், காயாத துணி, மூடாத குப்பை ஆகியவற்றில் ஒன்றாகவே அது இருக்கும். எதிரெதிர்ச் சன்னல்களைக் காலையும் மாலையும் திறந்து வைப்போம். கொசு வருமென்றால் சன்னலுக்கு வலை அடிப்போம், படுக்கைக்குக் கொசுவலை கட்டுவோம். சாம்பிராணி போட விரும்பினால், சிறிதளவு போட்டு, கதவைத் திறந்து வைத்து, குழந்தையையும் கர்ப்பிணியையும் நோயாளியையும் வெளியே அமர்த்துவோம். குழந்தையின் ஈரக் கூந்தலைப் புகை காட்டி உலர்த்துவதைவிட, பருத்தித் துணியால் துவட்டுவது நலம். பாச்சை உருண்டை இட்ட துணியைப் பச்சிளங்குழந்தைக்கு உடுத்தவே கூடாது. அத்தரை அறையெங்கும் தெளிக்காமல், ஆடையில் ஒரு துளி தடவினால் போதும். அதிலும் வாங்கும் முன், 'இதில் என்ன இருக்கிறது?' என்று கடைக்காரரைக் கேட்போம்.

அந்தக் கேள்வி சிறியது போல் தோன்றலாம். ஆனால் ஐரோப்பாவில், ஒவ்வாமை தரும் 26 மணப்பொருள்களின் பெயரை ஒப்பனைப் பொருள்களின் உறையில் தனித்தனியே அச்சிட வேண்டும் என்ற விதி 2005-இல் நடைமுறைக்கு வந்தது. 2023-இல் அப்பட்டியல் 80-க்கும் மேலாக விரிந்தது. நம் நாட்டிலும் வீட்டு மணப்பொருள்களுக்கு அத்தகைய விதி வேண்டும் என்று குரல் எழுப்புவது, அல்-கிந்தியின் நூலுக்கு வாரிசு என்று பெருமை கொள்ளும் நமக்கு மிகவும் பொருத்தமானது. உள்ளடக்கத்தை மறைத்து விற்பது வணிகத்தில் நேர்மையன்று என்பது நம் முன்னோர் சந்தையில் கைக்கொண்ட அறமன்றோ!

வாசனை அல்லாஹ்வின் அருட்கொடை. காற்றோ அதனினும் பெரிய கொடை. வாசனையின்றி ஒரு நாளும் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்களும் வாழ இயலாது. சிறிய கொடையைக் கொண்டு பெரிய கொடையைக் கெடுத்துக்கொள்ளாதிருப்போமாக!